மடித்து வைத்த கறுப்புத் துணி

"பூட்டு உடையல. ஜன்னலே கிடையாது. ஆனா வந்தவங்க போறதுக்கு முன்னாடி துணி மடிச்சு வச்சிட்டுப் போயிருக்காங்க" என்றாள் அண்ணி.

"அப்படிப்பட்ட திருடனைப் பிடிக்கவே கூடாது அண்ணி. நம்ம வீட்டு விலாசத்தைக் கொடுத்து அனுப்பணும்" என்றான் கொழுந்தன்.

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. அவன் சொல்லும் ஜோக்குக்கு அண்ணி கொடுக்கிற கூலி அதுதான். பரீட்சைக் கூடங்களில் காப்பி அடிக்கிறவர்களைச் சட்டைக் காலரின் மடிப்பை வைத்தே கண்டுபிடித்துப் பேர் வாங்கியவள், டீச்சர் வேலையை விட்டதும் வீட்டு முன்னறையில் துப்பறியும் நிலையம் ஒன்றைத் திறந்தாள். வேலைவெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த கணவனின் தம்பியை உதவியாளனாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். சம்பளம் உண்டா என்று அவன் ஒருமுறை கேட்டான். மூன்று வேளையும் எங்கே சாப்பிடுகிறாய் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

இப்போது அவர்கள் நின்றுகொண்டிருந்தது ஒரு புகைப்படக்காரரின் இருட்டறை. ஆளைப் பார்த்தால் அறையே எழுந்து நடந்துவந்த மாதிரி இருந்தார். விரல்நகம் எல்லாம் பழுப்பு. சட்டைக் கை பழுப்பு. மூக்கு நுனியில் மட்டும் ஒரு நீலத் தீற்று. தொட்டியில் மூன்று தட்டுகள், மேலே ஒரு சிவப்பு பல்பு, சுவருக்குச் சுவர் கட்டிய கம்பியில் இரண்டு மரக் கிளிப்புகள். ஒரு கிளிப்பில் நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரு நெகட்டிவ் தொங்கியது. மற்றது காலி.

"அந்தக் காலி கிளிப்புலதான் மேடம் என் உயிரே தொங்குச்சு" என்றார் படக்காரர். "காலையில கண்காட்சி ஹாலுக்குப் போய் ஆணி அடிச்சிட்டு வந்தேன். வந்து பார்த்தா காணோம்."

"பக்கத்துல ஒண்ணு தொங்குதே. அதுவும் அதே ஆள்தானே?" கொழுந்தன் எட்டிப் பார்த்தான். கறுத்த முகமும் வெளுத்த தலைமயிருமாக யாரோ முறைத்துக்கொண்டிருந்தார்.

"அதே ஆள்தான். என் மாமனார். ஆனா அது சும்மா சோதனைக்கு எடுத்தது. காணாம போனதுல அவர் சிரிக்கிறார் சார். அவர் சிரிச்சு நான் பார்த்ததே அந்த ஒரு தடவைதான்."

"இன்னொரு தடவை உக்கார வச்சா போச்சு."

படக்காரர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவர் என்னை மாப்பிள்ளைன்னு ஒரு தடவை கூப்பிட்டதில்ல. 'அந்த போட்டோக்காரன்'. அவ்வளவுதான். பெட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நிக்கிறவனுக்கா பொண்ணைக் கொடுத்தேன்னு, நான் அதே பெட்டிக்குள்ள இருக்கும்போதே சொல்வார். என் பொண்டாட்டி கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு நாள் உக்கார வச்சா. நாளைக்குக் கண்காட்சிக்கு வரேன்னு வேற சொல்லியிருக்கார். நடுச் சுவரை அந்தப் படத்துக்குன்னே காலியா வச்சிருக்கேன். வந்து வெறும் ஆணியைப் பார்ப்பார்."

கொழுந்தனுக்கே கொஞ்சம் கஷ்டமாகப் போய்விட்டது. வெறும் ஆணி துணி மாட்டவாவது உதவும் என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டான்.

"இருக்கிற நெகட்டிவ்வை வச்சு அச்சடிக்க முடியாதா?" என்று கேட்டாள் அண்ணி.

"முடியாது மேடம். நான் அச்சடிக்கிறது வெயில்ல. மருந்து தடவின காகிதத்து மேல நெகட்டிவ்வை ஒட்ட வச்சு, கண்ணாடிச் சட்டத்துல இறுக்கி, வெயில்ல வைப்பேன். அப்புறம் தண்ணியில அலசினா நீலப் படம். சாதாரண நெகட்டிவ் அதுக்குத் தாங்காது. வெயில் பூந்து எல்லாத்தையும் ஒரே நீலமா அடிச்சிடும். அதனால இன்னும் அழுத்தமா கழுவணும். அதுக்குன்னு ஒரு டெவலப்பர் மருந்து இருக்கு, ஃபிலிம்லயே பழுப்பா ஒரு கறை விடும். பார்க்க அசிங்கமா இருக்கும். ஆனா அந்தக் கறைதான் வெயிலுக்குக் குடை பிடிக்கிற மாதிரி. எங்க எவ்வளவு விடணும்னு அதுக்குத்தான் தெரியும்."

"கும்மிருட்டுல நின்னு கழுவுவார்" என்றாள் வாசலில் நின்ற படக்காரரின் மனைவி. "நேரம் பார்க்க முடியாதாம். அதனால பாட்டுப் பாடுவார். ஒரே பாட்டை ரெண்டு தடவை பாடினா சாதாரணப் படம். மூணு தடவை பாடினா வெயில் படம். மூணாவது தடவை ஆரம்பிச்சா நான் மாடிக்குப் போயிடுவேன்."

அண்ணி மூலையில் இருந்த முக்காலியைக் காட்டினாள். அதன் மேல் ஒரு கறுப்புத் துணி, மூலைக்கு மூலை பிசகாமல், சட்டைக்கடையில் விற்கிற சட்டை மாதிரி மடித்து வைக்கப்பட்டிருந்தது. "கேமராவுக்குப் பின்னாடி நீங்க தலையில போத்திக்கிற துணிதானே இது? இப்படித்தான் மடிச்சு வைப்பீங்களா?"

"நானா? சுருட்டி எறிவேன்."

அண்ணி மனைவியைப் பார்த்தாள்.

"நான் அவர் துணியை மடிக்கிறதை விட்டு எத்தனையோ வருஷமாச்சு மேடம். கறை கையில ஒட்டுதுன்னு."

"சாவி?"

"ஒண்ணு அவர்கிட்ட. இன்னொண்ணு சமையலறை ஆணியில. காலையில வீடியோக்காரர் ஏணி கேட்டு வந்தார். அப்பா எப்பவும் போல வந்து துணிகளைக் கொடுத்துட்டு, காபி குடிச்சிட்டுப் போனார். வேற யாரும் வரல."

"வீடியோக்காரன்!" படக்காரர் தொட்டியைக் குத்தினார். தட்டுகள் குதித்தன. "பக்கத்துக் கடைதான். 'வெயில்ல காயப்போட்டு எடுக்க அது என்ன படமா, துவைச்ச துணியா'ன்னு தெருவுல நின்னு சிரிச்சவன்!"

கொழுந்தன் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான். அண்ணியும் பின்னாலேயே போனாள்.

வீடியோக்காரரின் கடையில் எல்லாம் பளபளப்பு. அதிலும் பளபளப்பு அவருடைய மீசை. கொழுந்தன் கவுன்டரில் கையை ஊன்றி, நேற்றே கண்ணாடி முன் பழகிவைத்த பார்வையை வீசினான். வீடியோக்காரர் இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோனார்.

"கையைக் காட்டுங்க சார்."

"எதுக்கு?"

"காட்டுங்கன்னா காட்டுங்க!"

தயங்கித் தயங்கிக் கைகள் முன்னால் வந்தன. விரல் நுனிகள் பத்தும் கறும்பழுப்பு. கொழுந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வழக்கை அண்ணிக்கு முன்னால் அவன் முடித்து வைப்பது இதுதான் முதல் தடவை.

"அண்ணி! கையும் கறையுமா மாட்டிக்கிட்டார்! நெகட்டிவ்வை எங்க வச்சிருக்கீங்க, மரியாதையா எடுங்க!"

"எந்த நெகட்டிவ்?" வீடியோக்காரரின் முகம் வெளுத்தது. எழுந்துபோய்க் கடைக்கதவைச் சாத்தினார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு சின்னக் குப்பியையும் பழைய பல்துலக்கும் பிரஷையும் எடுத்து வைத்தார். "மீசைச் சாயம் சார். தயவுசெஞ்சு வெளிய சொல்லிடாதீங்க. இத்தனை வருஷமா என் பொண்டாட்டிக்கே தெரியாது."

அண்ணி அந்தக் குப்பியை மூடி, பத்திரமாக இழுப்பறைக்குள் வைத்தாள். "இந்த நிறம் உங்களுக்கு நல்லாவே இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தெருவில் கொழுந்தன் அசடு வழிய நடந்தான்.

"தம்பி, காஞ்ச ஃபிலிமைத் தொட்டா கையில கறை ஒட்டாது. மருந்துல கை விட்டாத்தான் ஒட்டும். அதை விடு. நீ கம்பியை ஒழுங்கா பார்த்தியா? கண்காட்சியைக் கெடுக்க வந்தவன்னா ரெண்டையும் எடுத்திருப்பான். வீடியோக்காரர் மாதிரி தொழில் தெரிஞ்சவர்னா, சுத்தமா இருக்கிறதுதான் நல்ல படம்னு நினைச்சு அதை எடுத்திருப்பார். ஒண்ணும் தெரியாதவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். சிரிப்பா முறைப்பான்னு நெகட்டிவ்ல உனக்குத் தெரிஞ்சுதா?"

"எனக்குப் பேய் மாதிரி தெரிஞ்சுது."

"அப்போ வந்தவங்களுக்கு ரெண்டுத்துக்கும் நடுவுல தெரிஞ்ச வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான். கறை. கறை இருக்கிறதை மட்டும் எடுத்திருக்காங்க."

"கறைன்னா அவ்வளவு ஆசையா?"

"ஆசை இல்ல தம்பி. கறையைக் கண்டா கை சும்மா இருக்காது. கசங்கின துணியைக் கண்டாலும் சும்மா இருக்காது." அண்ணி சட்டென்று நின்றாள். தன் வீட்டு வாசலில் நின்ற படக்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "உங்க மாமனார் என்ன தொழில் பண்றார்?"

"சலவைக்கடை மேடம். கடைத்தெரு முனையில. ஏன்?"

கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. வாய் திறந்தது.

"கறையை எடுத்துட்டா?" என்று கேட்டாள் அண்ணி.

"கறையை எடுத்தா முகத்தையும் சேர்த்து எடுத்த மாதிரி மேடம்! அவர் கடையில இருக்கிற மருந்துக்கு ஃபிலிம் பூச்சே கரைஞ்சு ஓடிடும்!"

"நீங்க அச்சடிக்கிற சாமானையெல்லாம் எடுத்துக்கிட்டு மெதுவா வாங்க. நாங்க முன்னாடி போறோம். நேரா போய்க் கேட்டா அவர் ஒத்துக்க மாட்டார். ரோஷக்காரர்."

பாதி வழியில் அண்ணி தன் கைப்பையிலிருந்து மைப்பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். கொழுந்தனின் மார்பில், சட்டைப் பைக்குக் கீழே, ஒரு உதறு உதறினாள்.

"அண்ணி! புதுச் சட்டை!"

"தெரியும். நான்தானே வாங்கிக் கொடுத்தேன்."

சலவைக்கடைக்குள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கம்பியில் துணிகள் தொங்கின. நீராவியும் சோப்புமாக ஒரு வாசனை. கவுன்டருக்குப் பின்னால் மாமனார். காலர் கத்தி மாதிரி நின்றது. முகமும் இஸ்திரி போட்டது போலத்தான் இருந்தது, ஒரு சுருக்கம் கூட அனுமதி இல்லாமல் வெளியே வராது. கொழுந்தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு நின்றான்.

"ஐயா, மைக்கறை. போயிடுமா?" என்றாள் அண்ணி.

மாமனார் சட்டையை விரித்தார். கறையின் ஓரத்தைப் பெருவிரலால் தடவினார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"பார்க்கலாம்மா. உள்பக்கம் மூலையில சோதிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன். சோதிக்காம நான் எந்தத் துணியிலயும் மருந்து வைக்கிறதில்ல." பிறகு, யாரும் கேட்காமலே, தாழ்ந்த குரலில் சொன்னார்: "சில கறை போறதில்லம்மா."

எல்லாச் சலவைக்காரரும் சொல்வதுதானே என்று கொழுந்தன் நினைத்தான். அண்ணியோ மாமனாரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீராவி பட்டுப் பட்டு மங்கிய சுவர். நடுவில் மட்டும் ஒரு நீளமான செவ்வகம், புதுச் சுண்ணாம்பு மாதிரி பளிச்சென்று இருந்தது. நான்கு மூலையிலும் ஆணி பிடுங்கிய ஓட்டை.

"ஐயா, அங்க ஒரு பலகை இருந்திருக்கே. என்ன எழுதியிருந்தது?"

கவுன்டருக்கு அடியில் ஒரு பலகையின் விளிம்பு துருத்திக்கொண்டிருந்தது. கொழுந்தன் குனிந்து தலையைச் சாய்த்துப் படித்தான்.

"'போகாத கறை இங்கே இல்லை'" என்றான்.

"இவ்வளவு நாளா தொங்கினது. இன்னிக்குக் காலையில ஏன் கழட்டினீங்க?" அண்ணியின் குரல், பரீட்சைக் கூடத்தில் முதல் தடவை மாட்டிய பையனிடம் பேசுகிற குரலாக இருந்தது. "எந்தக் கறை உங்களைத் தோக்கடிச்சுது?"

இஸ்திரி போட்ட அந்த முகம் அப்போதுதான் கசங்கியது.

மாமனார் உள்ளே போனார். கோட்டுகள் தொங்கிய வரிசைக்குப் பின்னாலிருந்து ஒரு ஹேங்கரை எடுத்து வந்தார். கண்ணாடிக் காகித உறைக்குள், கல்யாணச் சட்டை மாதிரி, அந்த நெகட்டிவ் தொங்கியது.

"நெகட்டிவ்னா கறுப்பு வெள்ளை மாறியிருக்கும்னு எனக்குத் தெரியாதாம்மா? பக்கத்துல ஒண்ணு சுத்தமா இருந்துச்சு. இது மட்டும் எதையோ கொட்டின மாதிரி பழுப்பு. அந்த போட்டோக்காரன் அவசரத்துல எதையோ கொட்டிட்டான்னு நினைச்சேன். நாளைக்கு நாலு பேர் வர்ற இடம். கறையோட மாட்டினா அவனைப் பார்த்துச் சிரிப்பாங்க. எம் பொண்ணு முகம் வாடிடும்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "அவன் முகமும்தான். ராப்பகலா உழைக்கிறான். அவன் வர்றதுக்குள்ள சுத்தம் பண்ணிக் கொண்டுபோய் அதே கிளிப்புல மாட்டிடலாம்னு பார்த்தேன். நான்தான் பண்ணேன்னு அவனுக்குத் தெரியவே கூடாது."

"தெரிஞ்சா என்ன?"

"அப்புறம் அவன் என்னை நல்லவன்னு நினைச்சிடுவான்" என்றார் மாமனார்.

திருட வந்தவர் என்று நினைத்தால், உதவ வந்திருக்கிறார். கொழுந்தன் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு உறையை வெளிச்சத்தில் பிடித்தான். முகம் அப்படியே இருந்தது. கீழ் மூலையில் மட்டும், பெருவிரல் பதிகிற அளவுக்கு, கண்ணாடி போல வெறும் ஃபிலிம்.

"மூலையில சோதிச்சேன்" என்றார் மாமனார் மெதுவாக. "கறையோட சேர்ந்து படமும் வழிஞ்சு போச்சு. அதோட கையை எடுத்துட்டேன். கறையும் போகல, பொருளையும் கெடுத்தாச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன்கிட்ட போய்ச் சொல்றது?"

"என்கிட்டயா மாமா?"

வாசலில் படக்காரர். ஒரு கையில் கண்ணாடிச் சட்டம், மறு கையில் கறுப்பு உறையில் மருந்து தடவிய காகிதம், தோளில் அந்தக் கறுப்புத் துணி. பின்னால் மனைவி. எவ்வளவு நேரமாக அங்கே நின்று கேட்டார்களோ, இருவர் கண்ணும் கலங்கியிருந்தது.

படக்காரர் நெகட்டிவ்வை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மாமனார் கவுன்டர் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"முகம் இருக்கு மாமா. கறையும் இருக்கு. கறை இருந்தாத்தான் படம். நான் வேணும்னேதான் வர வச்சேன்."

மாமனார் நிமிர்ந்தார். இவ்வளவு நேரம் இருந்த வெட்கம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"வேணும்னேவா? வேணும்னே கறை போடுறதுதான் உன் தொழிலா? நான் ஆயுசு பூரா கறையோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன், நீ உக்காந்து பாட்டுப் பாடிக் கறை வளர்க்கிறியா? உனக்கா எம் பொண்ணைக் கொடுத்தேன்!"

"அப்பா, வெயில் போகுது" என்றாள் மகள்.

எல்லோரும் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். துணி காயப்போடுகிற மாடி அது. ஊரிலேயே அதிக நேரம் வெயில் விழுகிற இடம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஏற்கெனவே பாதி தரையை விழுங்கியிருந்தது. படக்காரர் கறுப்புத் துணிக்கு அடியில் காகிதத்தையும் நெகட்டிவ்வையும் சட்டத்தில் இறுக்கி, நிழலுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். நிழல் ஒரு அடி வந்தால் சட்டத்தை ஒரு அடி தள்ளினார்கள். ஐந்து பேரும் மாடியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வெயிலைத் துரத்திக்கொண்டே போனார்கள். கைப்பிடிச் சுவர் வந்து, இனித் தள்ள இடமில்லை என்ற போது, படக்காரர் "போதும்" என்றார்.

சலவைத் தொட்டியிலேயே அலசினார்கள். பச்சையும் மஞ்சளுமாகத் தண்ணீர் ஓடியது. அடியிலிருந்து நீலம் மேலேறியது. காலர் வந்தது. தாடை வந்தது. பிறகு வாயும் பற்களும் கண்ணோரச் சுருக்கங்களும் வந்தன. ஒரு மனிதர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாரு இது?" என்றார் மாமனார்.

"நீங்கதாம்ப்பா."

"நான் சிரிக்கவே இல்லையே."

"சிரிச்சீங்க மாமா. நான் துணிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு முக்காலி தடுக்கி விழப்போனேன். அதைப் பார்த்துத்தான்."

மாமனார் தொட்டிக்கு மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். தன் முகத்தை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு அவர் கண் கீழ் மூலைக்குப் போனது. ஃபிலிம் வெறுமையாக இருந்த இடத்தில் வெயில் தாராளமாக இறங்கி, பெருவிரல் அளவுக்குக் கருநீலமாக ஒரு திட்டு. அவரை அறியாமல் கை பக்கத்திலிருந்த சலவைச் சோடா டப்பாவை நோக்கி நீண்டது.

"தொடாதீங்க!" என்று நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"சோடா பட்டா நீலம் முழுக்கப் போயிடும் மாமா. அது அங்கேயே இருக்கட்டும்" என்றார் படக்காரர். "உங்க கை பட்ட இடம் அது."

மாமனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பார்வை சுற்றிச் சுற்றி வந்து, கைப்பிடிச் சுவரில் சுருட்டி எறியப்பட்டிருந்த கறுப்புத் துணியில் நின்றது. பொறுக்க முடியாமல் போய் எடுத்தார். உதறினார். மூலைக்கு மூலை பிடித்து மடித்து, தட்டி, படக்காரரின் கையில் வைத்தார்.

"துணிய இப்படியா போடுவாங்க, மாப்பிள்ளை?"

படக்காரர் அப்படியே நின்றார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொழுந்தனுக்கு நாக்கு நுனி வரை ஒரு ஜோக் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை அவன் அங்கேயே விட்டுவிட்டான்.

"உன் சட்டையை நாளைக்கு வந்து வாங்கிக்கோ தம்பி. அந்த மைக்கறை போயிடும். பலகையையும் மாட்டணும், யாராவது ஒரு சுத்தியல் கொண்டு வாங்க" என்று சொல்லியபடியே மாமனார் படியில் இறங்கப் போனார்.

படக்காரர் இங்கும் அங்கும் பார்த்தார். ஒருவரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மடித்த துணியை நன்றாகக் கசக்கிச் சுருட்டி, மாமனார் கண்ணில் படும்படி அதே சுவரில் மறுபடியும் எறிந்தார்.